குசினிக்குள் வந்த கடல்

என் தொழிலில் ‘நான்’ என்று சொன்னால் அது நான் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக சிட்னி ஆஸ்பத்திரிகளில் டொக்டருக்கும் தமிழ் நோயாளிக்கும் நடுவே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து உரைபெயர்ப்புச் செய்கிறேன். நோயாளி “எனக்கு நெஞ்சு நோகுது” என்றால் நானும் ஆங்கிலத்தில் “எனக்கு நெஞ்சு நோகிறது” என்றுதான் சொல்ல வேண்டும். “அவருக்கு” என்று சொல்லக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. இந்த விதிப்படி பார்த்தால் எனக்கு நாலு தடவை மாரடைப்பு வந்திருக்கிறது, இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், புரொஸ்டேட் சத்திரசிகிச்சையும் நடந்திருக்கிறது. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் “இண்டைக்கு உமக்கு என்ன வருத்தம்?” என்றுதான் கேட்பார்.

நான் இந்த வேலையில் கெட்டிக்காரி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு பிழை விட்டேன். அதை எனக்குக் காட்டித் தந்தது ஓர் ஓவியக் கண்காட்சி. சர்ரியலிசம் என்ற, அதுவரை வேலையில்லாத வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று நான் நினைத்திருந்த ஒரு சங்கதி. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவருடைய ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அவர் சொன்ன வசனங்களில் மட்டும் கை வைக்கவில்லை.

அவரை ஐயா என்றே சொல்கிறேன். மன்னார்க் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். எழுபத்தெட்டு வயது. படகு இஞ்சின் திருத்தியவர். மனைவி காலமான பிறகு லிட்கமில், படுக்க ஓர் அறை, சமைக்க ஒரு குசினி என்று ஒரு சின்ன யுனிட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் மெல்பேர்னில், டண்டினொங் பக்கம். வாங்கோ வாங்கோ என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இவர் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கைநடுக்க வருத்தத்துக்குக் கிளினிக்கில் புதிதாக ஒரு மருந்துக் குளிசை தொடங்கியிருந்தார்கள். அது எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்கத்தான் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

உரைபெயர்ப்பாளர் காத்திருக்கும் இடத்தில் நோயாளியோடு கதைக்கக் கூடாது, தள்ளி உட்கார வேண்டும் என்பது விதி. ஆனால் தனியாக வந்த ஒரு தமிழ் முதியவர் எதிரில் இருக்கும்போது போனை நோண்டிக்கொண்டிருக்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. “பிள்ளைக்கு எந்த ஊர்?” என்று அவர் தொடங்கினார். பத்து நிமிடத்தில் என் தகப்பனார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பது வரைக்கும் போய்விட்டோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, உம்மட்ட ஒண்டு சொல்லோணும். எனக்கு விசர் எண்டு இவங்கள் எழுதிப்போட்டால் என்னை வீட்டை விட்டு எடுத்துப்போடுவாங்கள். நேர்சிங் ஹோமில கொண்டுபோய் விட்டிடுவாங்கள். இந்தத் திறப்பு என்ர கையில இருக்கிற மட்டும்தான் நான் மனிசன்.”

சட்டைப் பையிலிருந்து யுனிட் கதவுத் திறப்பை எடுத்துக் காட்டினார். பச்சை நூலில் கட்டிய ஒற்றைத் திறப்பு. பயப்படாதேங்கோ என்றேன். அதையும் நான் சொல்லியிருக்கக் கூடாது.

டொக்டர் இளம் பெண், நல்ல பொறுமைசாலி. “வீட்டில் எல்லாம் எப்படிப் போகிறது?” என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். தமிழில் கேள்வி வந்ததும் மனிசனுக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“காலமையில குசினிக்குள்ள கடல் வருது. முழங்கால் மட்டும் வரும். கதிரையில ஒரு நாரை வந்து இருக்கும். அதுக்குச் செட்டை இல்லை. செட்டை இருக்கிற இடத்தில என்ர மனுசியின்ர கை, காப்போட. அந்தக் கைதான் எனக்குத் தேத்தண்ணி கலக்கிறது.”

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு மூன்று விநாடி இருந்தது. அந்த மூன்று விநாடியில் நான் என்ன நினைத்தேன் என்பது இன்றைக்கும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. வயதுபோன மனிசன், எங்கட ஆள், இந்த டொக்டர்ப் பிள்ளைக்கு முன்னால் விசரர், பைத்தியம் என்று பெயர் எடுக்க விடலாமா? பச்சை நூல் திறப்பும் கண்ணுக்குள் நின்றது. நான் வாயைத் திறந்து, அழகான ஆங்கிலத்தில், “காலையில் அவருக்குக் கடல் ஞாபகம் வருகிறதாம். காலமான மனைவி கையால் போட்டுத் தந்த தேநீரை நினைத்து ஏங்குகிறாராம்” என்றேன்.

கவனித்தீர்களா, ‘நான்’ என்பதுகூட இல்லை. ‘அவர்’ ஆக்கிவிட்டேன். டொக்டர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். துயரம் என்று எழுதினார், மனைவியை இழந்தவர்களுக்கான ஆலோசனைச் சேவையின் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்தார், குளிசையை முன்பு திட்டமிட்டபடி இன்னும் கொஞ்சம் கூட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அன்று வென்ட்வேர்த்வில்லில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் சூடாக வடை வாங்கிக்கொண்டு ராசாத்தி மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

இது எனக்கு மட்டும் இருந்த பழக்கம் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் இருக்கும் எங்கட ஆக்கள் பலருக்கும் உண்டு. பெரியவர்கள் ஏறுமாறாகக் கதைத்தால் நேராக்கிக் கொடுப்போம். கெட்ட வார்த்தை வந்தால் வடித்துவிடுவோம். வெள்ளைக்கார டொக்டர் எங்கள் சனத்தை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம். வகுப்பெடுக்கும்போது இது பெரிய குற்றம் என்று நானே பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் என் குற்றம் எனக்குக் குற்றமாகவே தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வித்தியாசமான வேலை வந்தது. வென்ட்வேர்த்வில் பக்கத்து முதியோர் குழுவொன்று நகரத்திலுள்ள ஓவியக் கூடத்துக்கு பஸ்ஸில் போகிறது, அங்கே சர்ரியலிசம் பற்றிய கண்காட்சி, வழிகாட்டி சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி வாசனை இல்லாத ஒரு நாள் என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பதினான்கு பேர். அதிகமும் யாழ்ப்பாணம், மன்னார்க்காரர். மதுரையிலிருந்து மகனோடு வந்து குடியேறிய ஒரு தம்பதியும் இருந்தார்கள்.

வழிகாட்டி சிவப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்ட ஒரு பெண். முதல் ஓவியத்தில் ஒரு சாப்பாட்டு மேசை, அதில் தட்டு இருக்க வேண்டிய இடங்களில் மேகங்கள். எல்லாரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள். ஓர் அங்கிள் கையை உயர்த்தினார்.

“இதன்ர கருத்து என்ன?”

கருத்து என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை என்று வழிகாட்டி சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

“அப்ப ஏன் கீறினவர்?”

மதுரை அம்மா மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “கனவுல இப்படித்தாங்க வரும். தட்டுல சோறு போடப்போனா தட்டு இருக்காது” என்றார். அதை நான் வழிகாட்டியிடம் சொன்னதும் அவர் துள்ளிக் குதிக்காத குறை. அதேதான், அதேதான் என்றார். வியன்னாவில் கனவுகளை ஆராய்ந்த டொக்டர் ஒருவர் இருந்தார், அவருடைய எழுத்தை இந்த ஓவியர்களும் கவிஞர்களும் விழுந்து விழுந்து படித்தார்கள், ஆனால் அவருக்குக் கனவின் அர்த்தத்தைக் கண்டுபிடித்து நோயைத் தீர்க்க வேண்டும், இவர்களுக்கோ கனவே வேண்டும் என்று விளக்கினார். கனவையும் விழிப்பையும் பிரிக்கும் கதவைக் கழற்றிவிட்டால் இரண்டும் சேர்ந்து இன்னும் பெரிய ஓர் உண்மையாகும் என்று நம்பினார்களாம். தமிழில் இதை மீயதார்த்தம் என்று எழுதுகிறார்கள். நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது பதினான்கு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சர்ரியலிசம் என்றே வைத்துக்கொண்டேன்.

அடுத்த அறையில் நிர்வாணப் பெண்கள். அன்ரிமார் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கைப்பைக்குள் எதையோ தேட வேண்டி வந்தது. வழிகாட்டி உடல், ஆசை என்று விரிவாகச் சொன்னவற்றை நான் நாலு சொல்லில் முடித்தேன். வழக்கமான துப்புரவு வேலை. ஆனால் எனக்கே கோபம் வந்தது உண்மை. தலையில்லாத பெண், கைகளில்லாத பெண், நாற்காலியாகிவிட்ட பெண். சுதந்திரம் சுதந்திரம் என்று கத்திய இந்த ஆண்களுக்குப் பெண்ணை முழுதாகக் கீற வரவில்லை. அதே இயக்கத்துப் பெண்கள் பிற்பாடு இதற்குத் தங்கள் தூரிகையாலேயே பதில் சொன்னார்கள் என்று வழிகாட்டி அந்தச் சுவரையும் காட்டினார். அங்கே பெண்களுக்குத் தலை இருந்தது, முறைப்பும் இருந்தது. அன்ரிமார் கைப்பையை மூடிவிட்டு அந்தச் சுவரருகே நெடுநேரம் நின்றார்கள்.

பிறகு ஒரு பெரிய மேசையைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்து, தாளும் பேனையும் கொடுத்தார்கள். சர்ரியலிஸ்டுகள் செய்த பயிற்சி. ஐந்து நிமிடம் பேனை நிற்கக் கூடாது. யோசிக்கக் கூடாது. வெட்டக் கூடாது, திருத்தக் கூடாது. மனம் என்ன சொல்கிறதோ கை அதை எழுத வேண்டும். வழிகாட்டி “தொடங்குங்கள்” என்றார்.

பதினான்கு பேனைகளும் ஒன்றாக இறங்கின. ஒன்பது தாள்களில் முதலில் விழுந்தது பிள்ளையார் சுழி. ஐந்து தாள்களில் சின்னச் சிலுவை. வழிகாட்டி குனிந்து பார்த்துவிட்டு, எல்லாரும் ஒரே மாதிரி எதை எழுதுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார். வெற்றுத் தாளைக் கண்டால் எங்களுக்கு முதலில் கடவுளிடம் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றேன். யோசிக்காமல் எழுதியதில் இதைவிடச் சுத்தமானது எதுவும் தான் பார்த்ததில்லை என்று அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் வேடிக்கை. ஓர் அங்கிள் தன் வீட்டு விலாசத்தைத் தபால் இலக்கத்தோடு எழுதியிருந்தார். கருத்துக் கேட்ட அங்கிள் ‘சர்ரியலிசம், ஒரு முன்னுரை’ என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி கடைச் சாமான் பட்டியல் எழுதினார். பருப்பு, தேங்காய்ப்பால், தூள். அதற்குக் கீழே, அவருடைய கை தானாகவே ஓடி, ‘மழைக்குள்ள ஒரு கட்டில் தனிய நடந்து போகுது’ என்று எழுதியது. எழுதியதைப் பார்த்ததும் அன்ரி திடுக்கிட்டுப் போனார். பேனையால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி மறைத்தார்.

வழிகாட்டி அதைக் கண்டுவிட்டார். என்ன எழுதி வெட்டினார் என்று கேட்டார். அன்ரி என் கையைப் பிடித்தார்.

“சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. விசர் எண்டு நினைப்பா.”

“எழுத்துப்பிழையாம்” என்றேன் ஆங்கிலத்தில்.

பயிற்சி முடிந்ததும் வழிகாட்டி, இவ்வளவும் எங்கிருந்து தொடங்கியது என்று சொல்லட்டுமா என்றார். நூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய யுத்தம். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை, போர்முனையில் மனம் குழம்பிய சிப்பாய்களை வைத்திருந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போட்டார்கள். அங்கே ஒரு சிப்பாய் யுத்தமே பொய் என்றான். குண்டுகள் நாடகச் சாமான், காயங்கள் பூசிய சாயம், செத்தவர்கள் நடிகர்கள் என்று நம்பினான். மற்றவர்களுக்கு இதெல்லாம் மருந்து கொடுத்து அடக்க வேண்டிய உளறல். இந்த இளைஞரோ உட்கார்ந்து கேட்டார். அறிவு, ஒழுங்கு, நாகரிகம் என்று பேசிய நாடுகள்தானே லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேற்றுக்குள் தள்ளிக் கொன்றன, அப்படியானால் அந்த அறிவு மேற்பார்வை பார்க்காத இடத்தில் மனிதன் என்ன சொல்கிறான் என்று அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்து பாரிஸுக்குத் திரும்பி, நண்பர்களோடு சேர்ந்து நிறுத்தாமல் எழுதும் பயிற்சியைத் தொடங்கினார். இயக்கம் பிறந்தது.

இதுவரைக்கும் வசனம் வசனமாகத் தமிழில் கொடுத்துக்கொண்டே வந்தேன். வழிகாட்டி கடைசியாக ஒன்று சொன்னார். வரைவதற்கும் எழுதுவதற்கும் முதல், அந்த இளைஞர் செய்தது ஒரே ஒரு காரியம், நோயாளி சொன்னதைத் திருத்தாமல் கேட்டார் என்று.

நான் வாயைத் திறந்தேன். “அவர் செய்தது ஒரே ஒரு காரியம். நோயாளி சொன்னதை...” அதற்கு மேல் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நடுவசனத்தில் நின்றுபோனேன். நாரை வந்தது. காப்புப் போட்ட கை வந்தது. துண்டுப் பிரசுரம் வந்தது. நான் கடலை ஞாபகமாக்கிக் கொடுத்தேனே, அந்த டொக்டர் எதைக் கேட்டு எதை எழுதினார்?

“என்ன பிள்ளை, தமிழ் வரேல்லையோ?” என்றார் முன்னுரை அங்கிள்.

“திருத்தாமல் கேட்டார்” என்று ஒருமாதிரி முடித்தேன். பிறகு அன்ரியிடம் அனுமதி கேட்டேன். அவர் அரை மனதோடு தலையாட்டினார். வழிகாட்டியிடம் திரும்பி, அன்ரி எழுதி வெட்டியது எழுத்துப்பிழை இல்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அவர் எழுதியது இது என்று கட்டில் வசனத்தைச் சொன்னேன். வழிகாட்டி அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அன்ரி வெட்கத்தோடு சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், ஆனால் முகம் மலர்ந்துபோய் இருந்தது.

பஸ் வரும்வரை ஓவியக் கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து என் நிறுவனத்துக்குப் போன் அடித்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நோயாளி சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டேன், டொக்டருக்கு இன்றைக்கே தெரிய வேண்டும் என்றேன். எழுத்தில் அனுப்புங்கள், விசாரணை முடியும்வரை புது வேலை தர முடியாது என்றார்கள். சரி என்றேன். என் தொழிலின் மேல் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல, அது போய்விடுமோ என்று பயந்தேன். ஐயாவுக்கு என்ன ஆனதோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு மணித்தியாலத்தில் அந்த டொக்டரே கூப்பிட்டார். ஐயா முதல்நாள் காலை கீழே விழுந்து, மணிக்கட்டு உடைந்து, வார்ட்டில் இருக்கிறார். பக்கத்து யுனிட்காரர் சத்தம் கேட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். “கதிரையில் ஏறி நின்றிருக்கிறார். காலை ஏழு மணிக்கு, குசினியில். ஏன் ஏறினார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கேட்டால் ஒன்றும் சொல்கிறார் இல்லை” என்றார் டொக்டர்.

எனக்கு விளங்கியது. முழங்கால் மட்டும் தண்ணீர் வந்தால் யார்தான் கதிரையில் ஏற மாட்டார்கள்?

டொக்டர் கேட்டுக்கொண்டதால் அந்த ஒரு சந்திப்புக்கு மட்டும் என்னை விட்டார்கள். மறுநாள் வார்ட்டுக்குப் போனேன். மகள் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தாள். டொக்டர் கட்டிலருகே பேனையோடு நின்றார், சமூகசேவை உத்தியோகத்தர் ஒருவர் மடியில் ஒரு கோப்போடு இருந்தார். தனியாக விடுவது ஆபத்து, நேர்சிங் ஹோம் பார்க்கலாம் என்ற விண்ணப்பம் அதற்குள் தயாராக இருந்தது. ஐயா மாக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மற்றக் கைக்குள் பச்சை நூல் தெரிந்தது.

முதலில் அவரிடம் குனிந்தேன். “ஐயா, கடலைப் பற்றி நான் அண்டைக்கு டொக்டருக்குச் சொல்லேல்லை. இப்ப சொல்லட்டோ?”

“விசர் எண்டு எழுதுவினம் பிள்ளை.”

“நான் மறைச்சபடியாத்தான் ஐயா நீங்கள் விழுந்தனீங்கள். அது என்ர பிழை.”

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். “சரி, சொல்லும். ஆனா நாரையைக் குறைச்சுச் சொல்லாதேயும்.”

எங்கள் தொழிலில் நம்மைப் பற்றி ஏதாவது சொல்ல நேர்ந்தால் ‘உரைபெயர்ப்பாளர்’ என்றுதான் சொல்ல வேண்டும், மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல. “உரைபெயர்ப்பாளர் பிழை விட்டார்” என்று தொடங்கினேன். சொல்லும்போதே அதுவும் ஒரு ஒளிப்பு என்று பட்டது. “நான் பிழை விட்டேன்” என்று மாற்றினேன். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஆஸ்பத்திரி அறைக்குள் ஒரு டொக்டரிடம் என்னைக் குறித்து நான் சொன்ன முதல் ‘நான்’ அதுதான். பிறகு ஐயாவின் ஆறு வசனத்தையும் சொன்னேன். கடல், முழங்கால், நாரை, சிறகு இருக்க வேண்டிய இடத்தில் கை, காப்பு, தேநீர். ஒன்றும் குறைக்கவில்லை.

மகள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க அண்டைக்கே சொல்லியிருந்தா அப்பா விழுந்திருக்க மாட்டார்.” ஓம் என்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

டொக்டரின் முகத்தில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். நிம்மதி. பேனையை வைத்துவிட்டு, இது விசர் இல்லை, இந்தக் குளிசை சிலருக்கு இப்படிச் செய்யும், கண்ணை முழித்துக்கொண்டிருக்கும்போதே கனவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும் என்றார். அளவைத் தான் கூட்டியது தப்பு, மெல்ல மெல்லக் குறைப்போம் என்றார். பிறகு ஐயாவிடம் கேள்விகள் கேட்டார். தண்ணீர் சூடா குளிரா? நாரை கதைக்குமா? காப்பு என்ன நிறம்? ஐயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு ஆசையாக ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. சமூகசேவை உத்தியோகத்தர் விண்ணப்பத்தைக் கோப்புக்குள் திருப்பி வைத்து, இப்போதைக்கு இது வேண்டாம் என்றார். அதைத் தமிழில் சொன்னேன். ஐயா திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

என் விசாரணை மூன்று மாதம் இழுத்தது. நானாகவே சொன்னபடியால் பதிவிலிருந்து பெயரை வெட்டவில்லை, ஆனால் அடிப்படை வகுப்பில் மறுபடி உட்காரச் சொன்னார்கள். எனக்கு வகுப்பெடுத்தவள் என்னிடமே படித்தவள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று அவள் பலகையில் எழுதியபோது நானும் பவ்வியமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கணவர் அன்றைக்கு “மார்க் எத்தனை?” என்று கேட்டார்.

வேலையில்லாத அந்த மாதங்களில் கண்காட்சிக்கு இரண்டு தடவை தனியாகப் போனேன். எனக்கு அந்த ஓவியர்களில் மரியாதை வந்துவிட்டது, ஆனால் முழு மரியாதை இல்லை. அவர்களுக்குப் பித்தின் அழகு பிடித்திருந்தது. அதற்குள் குடியிருந்தவர்களின் மணிக்கட்டு உடைந்ததைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாரை அழகுதான். விழுந்தது ஐயா. இருந்தாலும் ஒன்றில் அவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். ஒருவர் சொல்வதை நாம் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வெட்டிச் சின்னதாக்குவது மரியாதை இல்லை. அதை நான் பாரிஸ் கவிஞர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்ல எனக்குச் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

வேலைக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் அதே கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. ஐயாவே என்னைக் கேட்டாராம். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மணிக்கட்டு பொருந்திவிட்டது. லிட்கம் யுனிட்டில்தான் இருந்தார், மகள் மாதம் ஒருமுறை வந்து பார்த்துப் போகிறாள். காத்திருக்கும் இடத்தில் நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அவர் தூரத்திலிருந்து திறப்பைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே டொக்டர் கேட்டார். “இன்னும் கடல் வருகிறதா?”

“இல்லை டொக்டர். கடல் வத்திப்போச்சு. நாரையும் போட்டுது.” நல்ல செய்தியைச் சொல்கிறவர் மாதிரித்தான் தொடங்கினார். பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டு மேசையைப் பார்த்தார். “இப்ப தேத்தண்ணி நான்தான் கலக்கிறன். அந்தக் கையை மட்டும் விட்டிருக்கலாம்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அதே மூன்று விநாடி இருந்தது. அவருக்கு மிகவும் நன்றியாம் என்று சொல்லிவிடலாம். நல்ல பிள்ளை அந்த டொக்டர், சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

“கடல் வற்றிவிட்டது, நாரையும் போய்விட்டது” என்றேன் ஆங்கிலத்தில். “இப்போது தேநீரை நான்தான் கலக்கிறேன். அந்தக் கையை மட்டும் விட்டிருக்கலாம்.”